எனக்குத் தெரிந்தது இரண்டாம் குரல் மட்டும்

சேர்ந்திசை என்று சொன்னால், “கொயரா தாத்தா?” என்று கேட்கிறான் பேரன். ஆமாம், அதுதான். ஆனால் எழுபதுகளில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு ஒரு பெயரும் சேர்ந்தே நினைவுக்கு வரும். எம்.பி.எஸ். என்கிற எம்.பி.சீனிவாசன்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். மாணவர் இயக்கத்தில் இருந்தவர். டெல்லியில் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு இயங்கியவர். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை அவர்தான். யேசுதாஸ் முதன்முதலாக சினிமாவுக்குப் பாடியதும் அவருடைய இசையில்தான். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கண்டதிலும் முன்னால் நின்றார். அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற குழுவை ஆரம்பித்தார். கல்கத்தாவில் ருமா குஹா தாகுர்தாவும் சலீல் சௌத்ரியும் 1958இலேயே அப்படி ஒரு குழுவைத் தொடங்கியிருந்தார்கள்.

கூட்டமாகப் பாடுவது நமக்குப் புதிதல்ல. மார்கழி பஜனை உண்டு, திருவையாற்றில் பஞ்சரத்னம் உண்டு. ஆனால் அங்கெல்லாம் எல்லோரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவார்கள். நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதை சர்ச்சில்தான் கேட்க முடியும். எம்.பி.எஸ். பாரதி பாட்டை எடுத்து அப்படிப் பிரித்தார். பெண்கள் மெட்டைப் பாட, ஆண்கள் கீழே வேறொரு ஸ்வரத்தில் நிற்பார்கள். இரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஏதோ ஒன்று கேட்கும். பாடியவர்களும் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல. தனியாகக் கச்சேரி செய்யும் சாரீரம் வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் பாடுவதைக் கேட்கும் காது இருந்தால் போதும்.

என் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். பள்ளியில் பாட்டு வாத்தியார் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்!

அந்தக் குழுவைக் கேட்ட உற்சாகத்தில் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்திலும் ஒரு குழு முளைத்தது. இருபத்திரண்டு பேர். மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் ஓரத்தில் பயிற்சி. கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் ஆர்மோனியத்தோடு சொல்லிக்கொடுப்பார். குடியரசு தின விழா, சங்கத்தின் ஆண்டு விழா, யாராவது ஓய்வுபெறும் நாள் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். எங்களில் அடிக்குரல் நன்றாக வாய்த்திருந்தவர் ஒரு கடைநிலை ஊழியர். அவர் சுருதியைப் பிடிக்கும்வரை சூப்பிரண்டெண்ட் காத்திருப்பார். மாடிக்குப் போனால் அதே சூப்பிரண்டெண்டுக்கு அவர்தான் டீ வாங்கி வர வேண்டும். ஆனாலும் அந்த அரைமணி நேரம் அலுவலகத்தின் வரிசை வேறாக இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டு எதற்கும் ஸ்வரம் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக உட்கார வைத்து வாயால்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால் எனக்கு ஐந்து பாட்டுகளின் இரண்டாம் குரல் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் அதை முணுமுணுத்தால், “என்னங்க, இது பாட்டா? மளிகைச் சீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கு” என்பாள் மனைவி. அவள் சொல்வது சரிதான். இரண்டாம் குரல் தனியாகப் பாட்டு ஆகாது.

போன வருஷம் அந்த அடிக்குரல்காரர் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று நாங்கள் ஒன்பது பேர் அவர் வீட்டு வாசலில் நின்று பாடினோம். அவர் பாட வேண்டிய இடம் வந்ததும் பாட்டு தரையில்லாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு ஆள் போனால் ஒரு குரல் போகிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அதே குரலைப் பாடியவர் இன்னொருவர்தான் இருக்கிறார். எண்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்து பாடச் சொன்னேன்.

“தம்பி, தனியா எனக்கு வராது. நீ உன்னோடதைப் பாடு, பார்ப்போம்” என்றார்.

ஒரு வரி பாடி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கீழ் ஸ்வரம் மெதுவாக வந்தது. அப்படியே வரிவரியாகப் போனோம். பேரன் எல்லாவற்றையும் செல்போனில் பதிந்து, நான்கு குரல்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொடுக்கிறான். இதுவரை இரண்டு பாட்டுகள் முழுசாகிவிட்டன. மூன்றாவதில் கடைசிச் சரணத்தின் அடிக்குரல் அவருக்கும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

எம்.பி.எஸ். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அவரைப் பார்த்து எத்தனையோ அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் முளைத்த குழுக்களுக்கு எந்தப் பதிவும் இருக்காது. உங்களில் யாராவது அப்படி ஒரு வரிசையில் நின்று பாடியிருந்தால், உங்கள் குரலை மட்டுமாவது இந்த வாரமே போனில் பதிந்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் மளிகைச் சீட்டு மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை. மற்றக் குரல் எங்காவது ஒருவரிடம் இருக்கும்.