தாய்மார் சந்தையில் ஒரு காலை

இம்பால் நகரத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போவதே உசிதம். 2018-ஆம் வருஷம் டிசம்பரில் நான் விடுதியில் வயிறு நிறைய ரொட்டி தின்றுவிட்டுப் போய் ஏமாந்தேன். சந்தையைச் சுற்றிக் காட்டி, அவ்வூர்ப் பண்டங்களை ருசி பார்க்கச் செய்வதற்கு ஒரு கல்லூரி மாணவி உடன் வந்தாள்.

இமா கெய்த்தேல் என்பது அச்சந்தையின் பெயர். மணிப்புரி பாஷையில் 'இமா' என்றால் அம்மா; 'கெய்த்தேல்' என்றால் சந்தை. ஆயிரக்கணக்கில் விற்பவர்கள், அத்தனை பேரும் ஸ்திரீகள். அதிலும் விவாகமானவர்களுக்கே இடம் உண்டு. தாய் ஓய்ந்தால் மகளோ மருமகளோ அவ்விடத்தில் அமர்கிறாள். ஆண் பிள்ளைகள் மூட்டை சுமக்கலாம். காசு கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் நமக்கு அங்கே அதிகாரம் கிடையாது!

முதலில் மூக்கில் ஏறியது ஙாரி. சிறு மீனை உலர்த்திப் பானையில் அடைத்துப் புளிக்க வைத்தது. வெந்த காய்கறியோடு இதையும் மிளகாயையும் சேர்த்து மசித்தால் எரோம்பா. நான் சைவன் என்றதும் மாணவி சற்றும் கலங்கவில்லை. ஒரு மூலையில் கோஸையும் தாமரைத் தண்டையும் மெல்லியதாய் அரிந்து, வறுத்த கடலை மாவும் மிளகாயும் சேர்த்துப் பிசறிய மீனில்லாத சிங்ஜுவை வாங்கித் தந்தாள். நம் கோசுமல்லிக்கு அண்ணன் முறை. காரத்தில் மட்டும் பாட்டன்.

அடுத்தது அரிசிக் கடை. சாக்ஹாவ் என்னும் கறுப்பரிசி, நம் செட்டிநாட்டுக் கவுனியைப் போலவே பாயசத்துக்கு உகந்தது. கடைக்காரக் கிழவி சொன்ன விலையைக் கேட்டு, வழக்கம்போல் பேரம் ஆரம்பித்தேன். மாணவி அதை மொழிபெயர்க்காமல் நின்றாள். பிறகு தணிந்த குரலில், "ஸார், இவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் அரிசிக்காக ரத்தம் சிந்தியவர்கள்" என்றாள்.

1939-இல் நடந்தது அது. அரிசி வெளியூருக்கு ஏற்றுமதியாகி, உள்ளூரில் விலை ஏறிவிட்டது. டிசம்பர் 12-ஆம் தேதி பெண்கள் திரண்டு சென்று, தர்பார் தலைவராயிருந்த வெள்ளைக்கார அதிகாரியை வளைத்துக்கொண்டார்கள். மகாராஜா ஊரில் இல்லை. அவருக்குத் தந்தி கொடு, பதில் வரும்வரை உன்னை விடோம் என்றார்கள். சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் குத்தி விரட்டினர், பலர் காயமுற்றனர். அதன் பின்னும் அடங்காமல், மாதக்கணக்கில் சந்தையையே பகிஷ்கரித்தார்கள். தங்கள் பிழைப்பையே அல்லவா!

பதினைந்து வருஷமாகச் சரித்திரம் போதிக்கிறேன். தண்டி உப்பைப் பற்றி வருஷந்தோறும் பலகையில் எழுதுகிறேன். இந்த அரிசியைப் பற்றி ஒரு வகுப்பிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேட்ட விலையை எண்ணி வைத்தேன். தராசு சமனான பிறகும் கிழவி, கேளாமலே ஒரு பிடி அரிசியை அள்ளி மேலே போட்டாள். சாக்ஷாத் நம் ஊர்க் கொசுறு! அதை அவர்கள் பாஷையில் என்னவென்பது என்று கேட்பதற்குள், மாணவி அடுத்த கடையில் யோங்சாக் என்னும் முழ நீளக் காயொன்றைப் பிளந்து என் மூக்கருகே நீட்டிவிட்டாள்.