குழல்வாயில் ஒரு கீறல்

குறி தவறினால் கையைப் பழிப்பது உலக வழக்கம். எலியட்ஸ் கடற்கரையில் பலூன் சுடுவோர், தவறியதும் "கை ஆடிவிட்டது" என்று சொல்லித்தான் திரும்புகிறார்கள். துப்பாக்கிக் குழலின் வாயைக் குனிந்து பார்ப்பவர் அரிது.

மயிலாப்பூரில் எங்கள் இல்லத்திலும் இத்தகைய பேச்சு எழுந்தது. பதினான்கு வயது மகனுக்காக வாங்கிய பழைய ஏர் ரைபிள், பத்து மீட்டர் தொலைவில் ஐந்து குண்டுகளைத் தேநீர்த் தட்டின் அகலத்துக்குச் சிதறடித்தது. "அத்தா, எனக்கு இது வராது" என்று அவன் ஒதுங்கிவிட்டான்.

திருகாணிகளை முடுக்கினோம், குண்டுகளை மாற்றினோம், துப்பாக்கியை மணல்மூட்டையின் மீது வைத்துச் சுட்டோம். அப்போதும் சிதறல் குறையவில்லை. ஆகவே, பிழை கையில் இல்லை என்பது தெளிவாயிற்று. குண்டு செலுத்தப்படாத குழலின் வாயில் பஞ்சை மெல்லச் சுழற்றியபோது, ஓரிடத்தில் இழை சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்!

4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டை இறுதியாகத் தொடுவது இந்த விளிம்புதான். இதனைக் 'கிரவுன்' என்பர். விளிம்பு சமமாக இருந்தால், குண்டின் பின்னே வரும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேறும். கீறல் இருப்பின் ஒரு பக்கம் முந்திக்கொண்டு, குண்டின் வாலைச் சாய்த்துவிடும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பத்து மீட்டர் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டரே! அங்கே இச்சாய்வு எவ்வளவு பெரிது!

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வாங்கினோம். துகள் உள்ளே இறங்காதபடி குழலைத் துணியால் அடைத்தோம். உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகாணியைக் கைத்துளைப்பானில் பொருத்தி, தலையில் பசை தடவி, கோணத்தை இடைவிடாது மாற்றியவாறு மெதுவாகச் சுழற்றினோம். விளிம்பு முழுவதும் ஒரே சீரான வளையமாக ஒளிர்ந்ததும் நிறுத்தி, துடைத்து, துணியை அகற்றினோம்.

மறுநாள் மாடிச்சுவரின் முன் மணல்மூட்டைகளை அடுக்கி, மகனைச் சுடச் சொன்னேன். ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அவன் முகத்தில் நான் கண்ட மலர்ச்சிக்கு விலையில்லை.

பெற்றோரே! "எனக்கு வராது" என்று பிள்ளை சொல்லும்போது, அவன் திறமையை எடைபோடுமுன் அவன் கையிலுள்ள கருவியைச் சோதித்துப் பாருங்கள்.