தோபாவில் அப்பா

தோபா ஏரியில் கயாக் ஓட்டலாமா என்று கேட்டபோது அப்பா மீ கோரெங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"நீ போம்மா. நான் கரையில உக்காந்து பாக்குறேன்."

எதிர்பார்த்த பதில்தான். எங்கள் ஊர் கிரிக். அப்பா லோரி ஓட்டியவர். ஞாயிறு ஆனால் தெமெங்கோர் ஏரியில் தோமானும் செபாராவும் தேடிப் போய்விடுவார். காட்டை மூழ்கடித்து உண்டான அணை ஏரி அது. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கும். எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு மரத்தில் படகு மோதிக் கவிழ்ந்தது. நான்கு பேர் போனார்கள், மூன்று பேர் வந்தார்கள். வராதவர் நாங்கள் மாமா என்று கூப்பிட்டவர். படகில் லைஃப் ஜாக்கெட் இருந்ததாம். குஷன் மாதிரி மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு அப்பா தூண்டிலைத் தொடவில்லை. என்னை நீச்சலுக்கும் விடவில்லை. நான் பொறியியல் படிக்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியாமல் பல்கலைக்கழகக் குளத்தில் நீந்தப் பழகினேன்.

பாராபாட்டிலிருந்து சமோசிர் தீவுக்கு ஃபெரி ஏறியதும் அப்பா முதலில் செய்தது ஜாக்கெட்டுகளை எண்ணியது. 2018 ஜூனில் இதே ஏரியில், சிமானிண்டோவிலிருந்து திகாராஸ் போன படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றி மூழ்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை. 160க்கும் மேற்பட்டவர்கள் கிடைக்கவேயில்லை. படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடப்பது தெரிந்தும் மேலே கொண்டுவர முடியவில்லை. துக்துக்கில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் மலாயில் பேசி அப்பா அன்று இரவே அதைத் தெரிந்துகொண்டுவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் கரையில் நின்றார், ஜாக்கெட் மாட்டிக்கொண்டு.

"மத்தியானம் காத்து வருமாம். போறதுன்னா இப்பவே போயிரணும்."

இரண்டு பேர் உட்காரும் கயாக். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. 900 மீட்டர் உயரம், நல்ல குளிர். படபடப்பில் எனக்கு வாய் நிற்கவில்லை. இது எரிமலை வாய்ப்பா, 74,000 வருசத்துக்கு முன்னால வெடிச்சப்ப சாம்பல் நம்ம லெங்கோங் வரைக்கும் வந்து விழுந்துச்சு, கோத்தா தம்பான்ல அதைத் தோண்டி எடுத்தாங்க என்று அளந்துகொண்டே போனேன்.

"எவ்ளோ ஆழம்?"

"ஐந்நூறு மீட்டருக்கு மேல."

"அஞ்சு மீட்டரா இருந்தாலும் முங்குறவனுக்கு ஒண்ணுதான்" என்றார்.

கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் மட்டும். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "அவன்தான் அன்னைக்கு எனக்கு இடம் விட்டு முன்னால போயி உக்காந்தான். எனக்கு முதுகு வலின்னு." இருபது வருடத்தில் இதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கயாக்கில் சட்டென்று திரும்பவும் முடியாது.

"இடது பக்கம் பலமா போடுற. அதான் சுத்துது" என்றார் அடுத்த நிமிடம்.

கரை ஏறியதும் வீட்டுக்கார அம்மா ஜாக்கெட்டுகளை வாங்கக் கை நீட்டினார். நான் கழற்றிக் கொடுத்தேன். அப்பா கொடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து கோப்பி குடித்தார். அந்த அம்மாவும் அப்புறமா கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.