நிலவறை மேடைகள்

டோக்கியோவின் ஷிபுயாவில் இனோகஷிரா தடத்து விரைவு ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஷிமோகிதாசாவா. கார் நுழையத் தயங்கும் சந்துகள், பழைய துணிகள் விற்கும் கடைகள், சின்னச் சின்ன நாடக அரங்குகள் என்று பகலில் சுற்ற நல்ல ஊர். ஆனால் அங்கே போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேலும் இருக்க வேண்டும். இசை தரைக்கு அடியில் நடக்கிறது.

லைவ் ஹவுஸ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சுவரெங்கும் ஸ்டிக்கர்களும் சுவரொட்டிகளும் ஒட்டிய குறுகிய படிக்கட்டு. இறங்கினால் கனமான கதவு. நான் போன இடத்தில் நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். அனுமதிச் சீட்டு 2,500 யென், அதற்கு மேல் பானத்துக்கு 600 யென். பானம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்த இடங்களில் பெரும்பாலானவை உணவகம் என்றே உரிமம் பெற்றவை. அரங்கமாகப் பதிவு செய்தால் விதிமுறைகள் கடுமையாகிவிடும். அதனால் பாட்டுக் கேட்க வருகிறவர் சட்டப்படி ஏதாவது குடிக்க வந்தவர்!

பணம் வாங்கிய பெண் ஒரு கேள்வி கேட்டார்: “இன்றைக்கு எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?” எனக்கு ஒருவரையும் தெரியாது. சுவரொட்டியில் முதலில் இருந்த பெயரைக் காட்டினேன். அவர் தாளில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பேர் தெரியாத குழுக்கள் இங்கே மேடையேற ‘நோருமா’ என்ற ஏற்பாடு உண்டு. குழு இத்தனை சீட்டு விற்றுத் தர வேண்டும். விற்காத சீட்டுக்குக் கைக்காசைக் கட்ட வேண்டும். வாசலில் போட்ட அந்தக் கோடு, அந்தக் குழுவின் கணக்கில் சேரும் ஒரு சீட்டு. 2,000 யென் சீட்டு இருபது என்று பேசியிருந்தால், ஒருவரும் வராத இரவில் குழுவின் தலையில் 40,000 யென் விழும். பகலில் கடைகளில் பகுதிநேர வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அது லேசான தொகை இல்லை. நோருமா கேட்காத இடங்களும் உண்டு, அவை குறைவு. நிலவறைக்கு வாடகை இருக்கிறது, ஒலிப்பொறியாளருக்குச் சம்பளம் இருக்கிறது, எல்லாம் புரிகிறது. ஆனாலும் பாடுகிறவனிடமே பாடுவதற்குக் காசு வாங்குவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

அன்றைக்கு நான்கு குழுக்கள். ஆளுக்கு அரைமணி நேரம். முதல் குழு ஏறியபோது கீழே நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பெண்கள். முதல் அடியிலேயே பேஸின் அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறி விலா எலும்பில் நின்றது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு, ஆயிரம் பேர் கேட்பதுபோலப் பாடினார். அரங்கு காலி என்பதற்காக ஒரு சுரத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தந்தியில் விரல் தேயும் ஓசையும் அடுத்த பாட்டுக்கு முன் அவர் இழுத்த மூச்சும் எனக்குக் கேட்டன. பெரிய மைதானக் கச்சேரிகளில் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

இரண்டு குழுக்களுக்கு நடுவே பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிரம்ஸும் மார்ஷல், ரோலண்ட் ஆம்ப்களும் இடத்தின் சொத்து. கலைஞர்கள் முதுகில் கிட்டாரும் கையில் பெடல் பெட்டியுமாக ரயிலிலேயே வந்துவிடுகிறார்கள். பாடி முடித்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கடைசி வரிசையில் நின்று மற்ற மூன்று குழுக்களையும் கேட்டார்கள். அந்த இரவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தங்கள் குழு முடிந்ததும் வெளியேறிவிட்ட ரசிகர்களைப் பார்த்து வருத்தமாக இருந்தது.

முடிந்ததும் வாசலருகே மேசை போட்டுக் கலைஞர்களே சீடியும் துண்டும் டி-ஷர்ட்டும் விற்றார்கள். முதல் குழுவின் சீடி ஒன்று வாங்கினேன். டிரம்ஸ் வாசித்த பெண் இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கி, எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் பாடகியைக் கூப்பிட்டுச் சொன்னார். கடைசி ரயிலை விடக்கூடாது என்பதால் பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் படியேறிவிட்டார்கள்.

இந்த ஊரின் ‘ஷெல்டர்’ என்ற லைவ் ஹவுஸ் 1991 முதல் இயங்குகிறது. ஷிஞ்சுகுவில் 1976இல் வந்த ‘லாஃப்ட்’ என்ற லைவ் ஹவுஸின் தங்கை அது. 2022இல் வெளியான ‘பொச்சி தி ராக்’ அனிமேயில் வரும் லைவ் ஹவுஸுக்கு ஷெல்டர்தான் மாதிரி என்பதால் வெளிநாட்டு ரசிகர்களும் தேடி வருகிறார்கள். அந்தத் தொடரிலும் நோருமாப் பணத்துக்காகப் பிள்ளைகள் திண்டாடுவது வருகிறது. தேடிப் போகிறவர்கள் படிக்கட்டைப் படமெடுப்பதோடு திரும்பிவிடக் கூடாது.

டோக்கியோ போகிறவர்கள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் அதிகம். வாசலில் கேட்டால் ஏதாவது ஒரு குழுவின் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் சீட்டு அவர்கள் கணக்கில் சேரும். முதல் குழு ஏறும் முன்பே உள்ளே இருங்கள். அவர்களுக்குத்தான் ஆள் வேண்டும்.