துரைமாரின் ரக்பி அணிக்கு என்ன ஆச்சு?

டிக்கோயா தரவளையில ஒரு பெரிய மைதானம் இருக்கு. நானுஓயாவுக்குக் கிட்ட ரதெல்லயில இன்னொன்னு. மலைநாட்டில சமதரைக்கு என்ன மதிப்பு என்று லயத்தில வளர்ந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. எங்க வீட்டு வாசல்ல உடுப்புக் காயப்போடவே சரிவில கம்பு நட்டுத்தான் கயிறு கட்டணும். அப்படியான ஊர்ல, மேசை மாதிரி தட்டையா, பச்சைப் புல்லோட இரண்டு மைதானம். தரவளையில இருக்கிறது டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம். ரதெல்லயில இருக்கிறது திம்புள்ள அத்லெட்டிக் அண்ட் கிரிக்கெட் கழகம். பெயரில கிரிக்கெட் இருந்தாலும், பல தசாப்தங்கள் இந்த இரண்டும் நாட்டின் முதல்தர ரக்பி அணிகள். இன்றைக்கு முதல்தர லீக்கில் இரண்டின் பெயரும் கிடையாது.

நாங்க நாலு பேர். ஒரே கலைப்பீடம், ஒரே பெட்ச். நாலு பேர் வீட்டிலிருந்தும் இந்த மைதானங்களில் ஏதாவது ஒன்றுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இருந்தும் எங்க ஊருக்கு ஒரு ரக்பி அணி இருந்தது என்பதே கம்பஸுக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது. கண்டியில் ரக்பி என்று யாரும் சொல்ல மாட்டாங்க, 'ரகர்'தான். நித்தவளையில் மேட்ச் இருக்கிற நாளில் டவுனே வேற மாதிரி இருக்கும். அந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தான், 'நம்ம பக்கத்தில ஏன் இது இல்ல?' என்று தேட ஆரம்பித்தோம். இருந்திருக்கு. இருந்து, செத்தும் போயிருக்கு.

இலங்கையில் ரக்பி 1879இல் கொழும்பு ஃபுட்போல் கழகத்தோடு தொடங்குகிறது. ஆனால் டிக்கோயா கழகம் அதற்கும் முந்தியது, 1868. அப்போது மலைநாட்டின் பயிர் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டு ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருசம் கோப்பிக்கு இலை நோய் வந்தது, கொஞ்சக் காலத்தில் அந்தப் பயிரே அழிந்தது. பயிர் மாறினாலும் கழகம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். துரைமாருக்கு அது அவ்வளவு முக்கியம். ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கும். வாரம் முழுக்க மனைவியையும் அப்புவையும் தவிர சமமாக உட்கார்ந்து பேச ஆள் கிடையாது (கணக்கப்பிள்ளையை ஆளாக எண்ணுவதில்லை). சனிக்கிழமை கிளப்புதான் அவங்களுக்கு ஊர்.

அந்தக் கிளப்புகளிலிருந்து அணிகள் உண்டாயின. அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்துத் துரைமார் திம்புள்ளவுக்கு. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆட்கள் டிக்கோயாவுக்கு. பதுளையில் ஊவா கழகம், கீழே களனி வெலி. இவை எல்லாம் கண்டியோடும் கொழும்பு அணிகளோடும் கிளிஃபோர்ட் கோப்பைக்கு மோதின. அந்தப் பெயர் ஹியூ கிளிஃபோர்டுடையது. 1907 முதல் 1912 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்து, 1925இல் ஆளுநராகத் திரும்பி வந்தவர். கோப்பைப் போட்டிகளுக்கு வெளியே மலைநாட்டு அணிக்கும் கீழ்நாட்டு அணிக்கும் தனியாக ஒரு ஆட்டம் நடக்கும். அதில் மலைநாட்டு அணி என்றால் துரைமார் அணி என்றுதான் பொருள். மலைநாட்டில் யார் அதிகம் பேர் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

ரக்பி சீசன் வருசத்தின் நடுவில். டிக்கோயாவில், திம்புள்ளவில் அது அசல் மழைக்காலம். தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்து மலையில் முட்டிக் கொட்டும்போது ஊவாப் பக்கம் காற்றும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்கும். பதுளையிலிருந்து வந்த அணிக்குத் தரவளைச் சேறு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்தோம். அதே மழையில், அதே சனிக்கிழமை, சுற்றியிருக்கிற மலையில் படங்கைக் கட்டிக்கிட்டு எங்க அம்மாயிமார் கொழுந்து எடுத்திருப்பாங்க. மலையில் நின்று பார்த்தால் கீழே முப்பது பேர் சேற்றில் புரள்வது தெரியும். 'வேலை இல்லாதவனுங்க செய்ற வேலை' என்று எங்களில் ஒருத்தரின் அம்மாயி சொல்லுவாங்களாம். ரக்பிக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நாங்க கேட்டதில்ல.

எங்களில் இன்னொருத்தரின் தாத்தாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. ஐம்பதுகளின் கடைசியில் அவர் ஒரு மைதானத்தில் வேலை பார்த்தவர். எது என்று சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை ரோலர் இழுக்க ஆறு பேர், சுண்ணாம்புக் கோடு போட இரண்டு பேர், சனிக்கிழமை பந்து பொறுக்க நாலு பொடியன்மார். ரோலர் இழுத்தவங்களுக்கு மலைக்குப் போன மாதிரியே பேர் போடுவாங்க. பொடியன்மாருக்குப் பேர் கிடையாது, ஆட்டம் முடிந்தால் பணிசும் டீயும். தாத்தா பொடியன் கோஷ்டி. மைதானத்தின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. கோணலாக உதைத்த பந்து செடிக்குள்ளே விழுந்தால் அட்டை கடிக்கக் கடிக்கத் தேடி எடுக்கணும்.

'பந்த கையில தொட்டிருக்கீங்கதானே தாத்தா, வெளையாடிப் பார்க்கலையா?' என்று கேட்டோம். எங்களை அவர் பார்த்த பார்வை இருக்கே! கோயிலில் சாமி தூக்குறவன்கிட்ட போய் 'நீ ஏன் பல்லக்கில ஏறிப் பார்க்கல' என்று கேட்ட மாதிரி.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. கண்டியை எடுங்க. கண்டி விளையாட்டுக் கழகமும் 1874இல் வெள்ளைக்காரர் தொடங்கியதுதான். அது ஏன் சாகல? 1891இலேயே எல். ஈ. பிளேஸ் கிங்ஸ்வூட் பாடசாலையில் ரக்பியைப் பழக்கிவிட்டார். பிறகு டிரினிட்டி, தர்மராஜ, அந்தோனியார் என்று பந்து பாடசாலை பாடசாலையாக இறங்கியது. 1945 முதல் டிரினிட்டியும் கொழும்பு ரோயலும் பிராட்பி கேடயத்துக்கு ஆடுகின்றன. வெள்ளைக்காரன் போன பிறகும் வருசா வருசம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் பாடசாலை கேட்டைத் தாண்டி வெளியே வந்து, நடந்துபோகிற தூரத்தில் ஒரு அணியைப் பார்க்கிறார்கள். அணிக்கு வேறென்ன வேணும்?

திம்புள்ளவையும் டிக்கோயாவையும் சுற்றி இருந்தது தோட்டப் பாடசாலை. ஒரு அறை, ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளில் இருந்து பதினைந்து பேரை எடுக்கலாம் என்று எந்தக் கிளப்பும் நினைத்திருக்காது. ஆட்டக்காரர்கள் முதலில் கப்பலில் வந்தார்கள். சுதந்திரம் கிட்ட வர, கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளிலிருந்து சின்ன துரைகளாக வந்தார்கள். நல்லா ரகர் ஆடுற பையனுக்குத் தோட்டத்தில் சின்ன துரை வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆகக் கடைசிவரைக்கும் அணிக்கு ஆள் வெளியிலிருந்துதான் வந்தது.

வெளியிலிருந்து வருவது நின்றால்? 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் அதைத் திருத்தி, கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. தோட்டங்கள் ஜனவசமவுக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. ஏற்கெனவே ஒவ்வொருத்தராகக் கிளம்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரைமாரில் மிஞ்சியவங்களும் போயிட்டாங்க. புதிதாக வந்த துரைமாருக்கு இடமாற்றம், அரசியல், சம்பளம் என்று ஆயிரம் கவலை. சனிக்கிழமை முப்பது மைல் ஓடிப்போய்ச் சேற்றில் விழ யாருக்கு மனசு வரும்? டென்னிஸுக்கு இரண்டு பேர் போதும், பில்லியர்ட்ஸுக்கும் அப்படித்தான். ரக்பிக்குப் பதினைந்து பேர் வேணும், கீழே விழுந்தா எழும்புற வயசில வேணும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குத் திரும்பியபோது கண்டிக்காரங்க நாட்டின் பெரிய அணியாக எழும்பிக்கொண்டிருந்தாங்க. திம்புள்ளவும் டிக்கோயாவும் பழைய இடத்துக்கு வரவேயில்ல.

துரைமார் கப்பலேறிய அதே வருசங்களில்தான் எங்க ஆட்களும் கோச்சி ஏறினாங்க. 1948 சட்டம் குடியுரிமையைப் பிடுங்கியது. 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தாங்க. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டாங்க. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற கோச்சிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. எங்க நாலு குடும்பத்திலும் அதில் ஏறிப் போனவங்க இருக்காங்க. ரோலர் இழுத்த ஆறு பேரில் மூன்று பேர் போயிட்டாங்க என்று தாத்தா விரல்விட்டு எண்ணினார். ஒருத்தர் நீலகிரியில் இருப்பதாகக் கடைசியாகக் கடிதம் வந்ததாம்.

இதில் எங்களுக்குள்ளேயே சண்டை. 'துரை வெளையாட்டு செத்ததுக்கு நாம ஏன்டா எழுதணும்' என்கிறான் ஒருத்தன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கு. அணி இருந்தபோதும் அது எங்களுடையதாக இருக்கல. ஆனால் மைதானம்? அந்த மலையைச் சீவித் தட்டையாக்கியது யாருடைய கை, நூறு வருசத்துக்கு மேலே புல் வெட்டியது யாருடைய கை என்று கேட்டால் பதில் வேற. இன்றைக்கும் தோட்டத்துப் பொடியன்மார் ரோட்டு வளைவில் பஸ் வராத இடைவெளிக்குள்தான் கிரிக்கெட் ஆடுறாங்க. பந்து பள்ளத்தில் விழுந்தால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. அவங்களை அந்தப் புல்லில் இறக்கிவிட்டால் அஞ்சு வருசத்தில் ஒரு அணி வரும் என்று எங்களில் மூன்று பேர் நம்புகிறோம். நாலாவது ஆள், 'மொதல்ல ஷூ வாங்கிக் குடு' என்கிறான்.

தாத்தாவிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். அவர் பார்த்த வருசங்களில் அதிகம் ஜெயித்தது யார்? திம்புள்ளவா, டிக்கோயாவா?

'அது யாருக்குடா தெரியும்' என்றார். 'பந்து வெளிய வந்தாத்தான் எங்களுக்கு வேல.'