80-ம் நம்பர் உப்புத்தாள்

'பி.காம். படித்தவனுக்கு ஆசாரி வேலையில் என்ன ஜோலி?' என்று என் மனைவி கேட்டாள். நான்தான் கேட்கவில்லை. அதன் விளைவு இந்தக் கட்டுரை.

அப்பா மண்டியில் கணக்கெழுதியவர். அவர் காலமான பிறகு மிஞ்சியது ஒரு தேக்கு மேஜை. தரையில் உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேஜை. மூடியைத் தூக்கினால் உள்ளே பெட்டி. மேலே மைக்கறை, காபி டம்ளர் வட்டங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புதுசாக்கிவிடுவதாகச் சபதம் போட்டேன்.

கடைக்காரர் 80, 120, 180, 220 என்று நாலு நம்பரில் உப்புத்தாள் தந்தார். ஆபீஸ் மூளை உடனே வேலை செய்தது. நடுவில் இரண்டை விட்டுவிட்டால் நேரம் மிச்சமாச்சே! 80-ஐ வைத்து தோசை வார்க்கிற மாதிரி வட்டவட்டமாகத் தேய்த்தேன். அப்புறம் நேரே 220. தடவிப் பார்த்தால் குழந்தைக் கன்னம்! பெருமையோடு பாலிஷ் பூசினேன்.

அவ்வளவுதான். ராத்திரி முழுக்கப் பூனை பிறாண்டிய மாதிரி கீறல்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"என்னங்க, இது டிசைனா?" என்றாள் மனைவி.

தெருக்கோடி ஆசாரியைக் கூட்டி வந்தேன். எழுபது வயசுக்காரர். டார்ச்சை வாங்கிப் பலகையோடு பலகையாகச் சாய்த்து அடித்தார். என் கண்ணுக்குத் தப்பின கீறலும் சேர்ந்து பல்லைக் காட்டியது.

"தம்பி, 80 போட்ட கீறலை 120 அழிக்கணும். 120 போட்டதை 180 அழிக்கணும். நடுவுல வரியை முழுங்கிட்டா கணக்கு எப்படி நேராகும்?"

பி.காம்.காரனுக்குக் கணக்குப் பாடம்! முதல் வேலையாக, நான் பூசிய பாலிஷைச் சுரண்டி எடுக்கவைத்தார்.

அப்புறம் பாடம் தொடர்ந்தது. ரேகை ஓடுகிற திசையில் மட்டும் தேய்க்கணும். தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றிக்கணும். வெறும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டு, அது மறைகிறவரை தேய்த்தால் எந்த இடமும் விட்டுப்போகாது. 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றினால் மெல்லிய நார்கள் சிலிர்த்து நிற்கும். நன்றாகக் காய்ந்ததும் 220-ல் இதமாக ஒரு இழுப்பு. தூசியைச் சுத்தமாகத் துடைத்த பிறகே பாலிஷ். அதுவும் கனமாக ஒன்று வேண்டாம், மெலிதாக மூன்று. ஒன்று காய்ந்து 320-ல் தடவிய பிறகே அடுத்தது.

மூணு ஞாயிறு ஓடியது. மேல்பக்கம் கண்ணாடி! பார்க்க வந்த ஆசாரியே தலையாட்டினார். அந்தத் தெம்பில், மூடியின் உட்பக்கத்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று 80-ஐ எடுத்தேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன்.

"நிறுத்துங்க தம்பி! என்னமோ எழுதியிருக்கு."

பென்சிலில் அப்பாவின் பொடி எழுத்து. யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று வரிசையாக. ஒவ்வொன்றின் முடிவிலும் 'பைசல்'. கடைசி வரி, 'பையன் காலேஜ் பீஸுக்கு...'

அதற்கப்புறம் பேர் இல்லை, தொகை இல்லை. பைசல் ஆச்சா என்றும் தெரியவில்லை. எல்லாம் பொடியாகி என் உப்புத்தாளில் ஒட்டியிருந்தது. அம்மாவைக் கேட்டேன். "அவர் கடன் விஷயம் என்கிட்டே சொல்லவே மாட்டாருடா" என்றாள்.

உட்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது தெருவில் யாராவது பெரியவர் "உங்கப்பா நல்ல மனுஷன்ப்பா" என்றால், இவராக இருக்குமோ என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

நீங்களும் பழைய மேஜையைத் தேய்க்கப் போகிறீர்களா? நம்பரைத் தாண்டாதீர்கள். அதற்கும் முன்னால் மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.