கேட்டறிதல்

தமிழில் ‘கேள்’ என்னும் வேர்ச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவர் சொல்வதைச் செவியில் ஏற்பதும் கேட்டல். ஐயம் தீர வினவுவதும் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’ முதற்பொருளை எடுத்துக்கொண்டு, செவிவழிப் பெறும் அறிவின் உயர்வைப் பேசுகிறது. இரண்டாம் பொருள் வகுப்பறையில் நாள்தோறும் வழங்குவது. இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றுகூடும் ஓரிடத்தைக் காண விரும்பும் மாணவர், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கார்க் குளிரூட்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் வாயிலில் சிறிது நேரம் நின்றால் போதும்.

பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் அமைந்தது. இங்கே பனிக்காலமும் இல்லை, இளவேனிலும் இல்லை. ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்; காற்றிலோ கடலின் ஈரம் கனத்து நிற்கும். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வசதி படைத்தோர் குளிர்ச்சியை நாடிக் கொடிமலைக்கு ஏறினர். 1923ஆம் ஆண்டில் அங்கே மலை ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்தக் குளிர்ச்சி காருக்குள்ளேயே கிடைக்கிறது. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை நோக்கி மாலை வேளையில் ஊர்ந்து செல்லும் வண்டி வரிசையில், குளிரூட்டியின்றி அமர்ந்திருப்பது எளிதன்று. அதிலும் வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கும் குளிரூட்டி ஆடம்பரம் ஆகாது. அது பிழைப்புக் கருவி.

அக்கருவியின் இதயம் கம்பிரசர். ஆவியாக வரும் குளிரூட்டி வாயுவை அது அழுத்திச் சூடேற்றி, காரின் முகப்பில் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. பிறகு விரிவு வால்வின் குறுகிய வாயில் வழியே புகுந்து அழுத்தம் தணிந்து, காருக்குள் வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி மீண்டும் ஆவியாகிக் கம்பிரசருக்கே திரும்புகிறது. இச்சுழற்சியில் ஓயாது உழைப்பதும், உழைப்பு மிகும்போது வாய்விட்டு அலறுவதும் கம்பிரசரே. ஆகவே இரைச்சல் எழுந்தவுடன் பழி அதன்மேல் விழுகிறது.

அந்தப் பழியை விசாரணையின்றி ஏற்பதில்தான் தீங்கு தொடங்குகிறது. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் பட்டறைக்கு வருவதை எண்ணிப் பார்க்கலாம். “அண்ணே, கம்பிரசர் போயிடுச்சு போல. உறுமுது,” என்கிறார். வேறோர் இடத்தில் அவருக்கு முன்பே தீர்ப்புக் கிடைத்துவிட்டது: புதியது மாற்ற வேண்டும். அதற்கான தொகை அவருடைய பல நாள் வருமானம். அந்த மாதத்தில் பிள்ளையின் புத்தகச் செலவோ வீட்டு வாடகையோ ஒத்திப்போக வேண்டியதுதான். பட்டறைக்காரர் முதலில் திருகுளியை எடுக்கவில்லை, கேள்வியை எடுக்கிறார். “ஏர்கோனை அடைச்சா சத்தம் நிக்குதா, தம்பி?” “நின்னுடுது.” “வண்டி ஓடும்போது கேக்குதா, நிக்கும்போது கேக்குதா?” ஓட்டுநர் சற்றே யோசிக்கிறார். நெரிசலில் நிற்கும்போதுதான் உறுமுகிறது. அப்போது குளிரும் குறைகிறது. வண்டி வேகம் பிடித்தால் இரண்டும் சீராகிவிடுகின்றன.

அந்த விடையிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. வண்டி ஓடும்போது எதிர்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அப்பணியைச் செய்ய வேண்டியது மின்விசிறி. விசிறி சுழலாவிட்டால் வாயுவின் வெப்பம் வெளியேறாது, அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் கம்பிரசர் முனகும். பட்டறைக்காரர் முகப்பு மூடியைத் திறந்து பார்க்கிறார். விசிறி அசையாமல் நிற்கிறது. கம்பிரசரை மாற்றியிருந்தால் புதியதும் அதே இடத்தில் அதே குரலில் முனகியிருக்கும், பணமும் போயிருக்கும்.

இத்தொழிலில் ஒலிகளுக்கென்று ஓர் இலக்கணமே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கம்பிரசரின் கப்பி எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். குளிரூட்டியின் விசையை அழுத்தினால்தான் மின்காந்தக் கிளட்ச் ‘டக்’கென்று கவ்வி உள்ளுறுப்புகளைச் சுழற்றும். 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் குளிரூட்டியை விற்பனைக்கு வைத்த அமெரிக்காவின் பெக்கார்டு நிறுவனத்தின் அமைப்பில் இந்தக் கிளட்ச் இல்லை. குளிரை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. இன்று பழுதறிவோருக்கு அந்தக் கிளட்ச் நல்லதொரு சான்றாளர். குளிரூட்டியை அடைத்த பின்னும் கரகரப்பு தொடர்ந்தால், பெரும்பாலும் கப்பியின் பேரிங்கையோ பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையையோ ஐயுற வேண்டும். கிளட்ச் கவ்வும் கணத்தில் கீச்சென்ற ஒலி எழுந்தால், பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ வழுக்குகிறது எனலாம். பெல்ட்டின்மேல் சிறிது நீரைத் தெளித்தால் அவ்வொலி அடங்கியோ உரத்தோ மாறும். அதுவே அதன் ஒப்புதல் வாக்குமூலம். கிளட்ச் அடிக்கடி கவ்விக் கவ்வி விடுவதாயின், வாயு குறைந்திருக்கக்கூடும். ‘கடகட’வென்று அதிர்ந்தால் தாங்கியின் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். குளிரூட்டியை அடைத்த பின் சிறிது நேரம் கேட்கும் ‘உஸ்’ என்னும் ஒலியோ நோயே அன்று. இருபுற அழுத்தமும் சமமாகும் இயல்பான மூச்சு அது.

ஓர் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று தெரியாதபோது, நீண்ட திருகுளியின் முனையை அசையாத பகுதியில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய வழக்கம். மருத்துவரின் செவிக்குழலைப் போன்ற கருவியும் உண்டு. ஓடும் பெல்ட்டிற்கு அருகே கையோ சட்டை நுனியோ செல்லாதபடி காத்துக்கொள்ளும் நிதானம் இதற்கு வேண்டும். செவி சொன்னதை அழுத்தமானிகள் உறுதிப்படுத்த வேண்டும். ஆயினும் அழுத்தமானியும் தனித்து நின்று உண்மை சொல்லாது. நெடுநேரம் ஓடாத வண்டியில் இருபுற முள்ளும் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே நீர்மமாகச் சிறிதளவு வாயு எஞ்சியிருந்தாலும் அதே எண்தான். வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை அதை வெளியே எடுத்து எடைபோட்டுத்தான் அறிய முடியும்.

மெய்யாகவே கம்பிரசர் தேய்ந்து போவதும் உண்டு. அப்போதும் ‘ஏன்’ என்னும் வினா ஓயக்கூடாது. கம்பிரசருக்கு உயிர்ப்பு தரும் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றி வருகிறது. எங்கோ ஒரு குழாயின் இணைப்பில் வாயு கசிந்து குறைந்தால், எண்ணெயும் உரிய அளவில் திரும்பி வராது. கம்பிரசர் வறண்டு உராய்ந்து, உலோகத் தூளைக் குழாயெங்கும் பரப்பிவிடும். கசிவையும் தூளையும் அப்படியே விட்டுவிட்டுப் புதிய கம்பிரசரைப் பொருத்துபவர், அதன் கழுத்திலும் கயிற்றை மாட்டுகிறார். கசிவை அடைத்து, குழாய்களைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் குப்பியையும் மாற்றிய பிறகே புதியது வாழும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ மருத்துவர்க்குச் சொன்ன முறை, பட்டறைக்கும் பொருந்துவதே.

கசிவைத் தேடாமல் ஒவ்வோர் ஆண்டும் ‘கேஸ்’ ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்திற்கு வேறொரு விலையும் உண்டு. முற்காலக் கார்களில் இருந்த ஆர்-12 என்னும் வாயு வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பது. இவ்வகை வாயுக்களின் தீங்கை 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989ஆம் ஆண்டில் மலேசியாவும் அதில் இணைந்தது. அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை; எனினும் 100 ஆண்டுக் கணக்கில், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தை உலகில் தேக்கவல்லது. ஓர் இணைப்பின் சிறு கசிவு, ஒருவர் பணப்பையை மட்டுமின்றி அனைவர் வானத்தையும் தொடுகிறது.

காலம் மாறி வருகிறது. புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச் இல்லை. கம்பிரசர் எப்போதும் சுழன்றபடியே தன் உழைப்பின் அளவை மாற்றிக்கொள்கிறது. கலப்பின வண்டிகள் பலவற்றிலும் மின்கார்களிலும் உயர் மின்னழுத்தத்தால் இயங்கும் கம்பிரசர் உள்ளது. பயிற்சி பெறாதவர் அதன் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடலாகாது. கணினி பிழை எண்களை உரைக்கிறது. ஆயினும் எந்த வேளையில், எந்தச் சாலையில், எத்தகைய ஒலி என்பதை வண்டியோடு வாழ்பவரே அறிவார். அவரைக் கேளாமல் கணினியை மட்டும் கேட்பவர் பாதிச் சான்றைக் கொண்டே தீர்ப்பு எழுதுகிறார்.

இவ்வறிவு பெரும்பாலும் பக்கத்தில் நின்று பெறப்படுவது. பட்டறையில் வேலை பழகும் இளைஞன் பல மாதங்கள் விளக்குப் பிடித்து நின்று, பேரிங்கின் கரகரப்பு வேறு, தளர்ந்த தாங்கியின் அதிர்வு வேறு என்று காதால் பிரித்தறியக் கற்கிறான். பள்ளியில் பின்வரிசை மாணவன் என்று பெயரெடுத்தவனும் இங்கே கூர்ந்த செவியுடையவனாக விளங்கக்கூடும். ஆசிரியர்க்கு இதில் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. வகுப்பில் மிகுதியாக இரைச்சலிடும் பிள்ளையே பழுதுபட்ட பிள்ளை என்று முடிவு கட்டுவது எளிது. விடியுமுன் எழுந்து தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பசியோடு வந்தமர்ந்த பிள்ளையாக அவன் இருக்கலாம். சுழலாமல் நிற்கும் விசிறி வேறெங்கோ இருக்கலாம். தண்டிப்பதற்கு முன்னர் அவனிடம் ஒரு கேள்வி கேட்டு, அவன் விடையைக் கேட்டால், அது தெரிய வரும்.